அம்மாவுக்கு பிக் லைனா, கீமோ போர்ட்டா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்

துறையூர்க்காரன்:

வணக்கம். அம்மாவுக்கு 57 வயது. இடது மார்பில் கட்டி. அறுவை முடிந்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு தடவை சிவப்பு நிறக் கீமோ மருந்து, அப்புறம் வாரம் ஒன்றாக 12 தடவை பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து. முதல் சிவப்பு மருந்தை வலது புறங்கையில் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்கவே நாலு குத்து. இப்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு கயிறு மாதிரி தடித்து, கறுத்துக் கிடக்கிறது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலே வலிக்கிறது என்கிறார்.

அடுத்த தவணைக்கு முன்னால் லைன், அதாவது மருந்து ஏற்றுவதற்கென்றே உடம்பில் வைத்துவிடும் குழாய், போட்டே ஆக வேண்டுமாம். கையில் பிக் லைன், இல்லையென்றால் நெஞ்சில் போர்ட், நீங்களே முடிவு பண்ணுங்கள் என்கிறார் டாக்டர். போர்ட்டுக்குச் சொன்ன தொகை மூன்று மடங்குக்கும் மேல். அதிலும் ஒருவர் காறை எலும்புக்குக் கீழே கை வைத்துப் பார்த்துப் போடுவாராம், இன்னொருவர் கழுத்தில் ஸ்கேன் பார்த்துப் போடுவாராம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. நாங்கள் இருப்பது துறையூரைத் தாண்டி ஒரு கிராமம், திருச்சிக்குப் போய்வர அரை நாள் ஆகும். அம்மா சும்மா உட்காரும் ஆளும் இல்லை. இரண்டு கறவை மாடு இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரயில்வே ரிட்டையர்டு:

எனக்குப் பெருங்குடலில் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 12 தவணை, ஆறு மாதமும் பிக் லைன்தான். 46 மணி நேரம் மருந்து ஏறும் பம்ப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டிலேயே டிவி பார்த்தேன். மருத்துவமனை நடந்துபோகும் தூரம் என்பதால் வாரா வாரம் போய் டிரெஸ்ஸிங் மாற்றிக்கொள்வேன். வெயில் காலத்தில் அரிப்பு, குளிக்கும்போது கையைப் பாலிதீனில் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். போர்ட்டெல்லாம் வேண்டாம், பணத்தை மிச்சம் பண்ணுங்கள்.

டே கேர் அக்கா:

தம்பி, 16 வருடமாக கீமோ டே கேரில் ஊசி குத்துகிறவள் எழுதுகிறேன். ஐயாவுக்கு நன்றாக அமைந்தது, சந்தோஷம். ஆனால் 'நடந்துபோகும் தூரம்' என்று போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில் பயாப்சி ரிப்போர்ட்டை எடுங்கள். ஹெர்2 என்று ஒரு வரி இருக்கும், அது கட்டியின் செல்களில் இருக்கும் ஒரு புரதம். அதில் என்ன போட்டிருக்கிறது? பாசிட்டிவ் என்றால் இந்த 12 வாரத்தோடு முடியாது. அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஒரு வருடம் வரை போகும். கணக்கே மாறிவிடும். பார்த்துச் சொல்லுங்கள்.

பிக் லைன் போடுவது சுலபம். முழங்கைக்கு மேலே உள்பக்கத்து நரம்பில் ஸ்கேன் பார்த்துக் குத்தி, மெல்லிய குழாயை இதயத்தின் வாசல் வரை தள்ளிவிடுவார்கள். (நரம்பு என்று நாமெல்லாம் சொல்லிப் பழகிவிட்டோம்; அது சிரை.) அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி, அரை மணி நேர வேலை. எடுப்பது அதைவிடச் சுலபம். ஆனால் குழாயின் வால் வெளியே தொங்கும். வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றி ஃப்ளஷ் பண்ண வேண்டும், அதாவது அடைக்காமல் இருக்கக் குழாயை உப்புநீர் விட்டு அலச வேண்டும். வியர்வை பட்டால் பிளாஸ்திரி ஓரம் எழும்பும். மாட்டுக் கொட்டகையில் அது எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஒரு அம்மா, உங்கள் ஊர் தூரம்தான். வாரா வாரம் பஸ்ஸில் வர முடியாமல் உள்ளூர் கிளினிக்கில் ஃப்ளஷ் பண்ணிக்கொண்டார். அங்கே அடைப்பு என்று நினைத்து 2 மி.லி. சிரிஞ்சில் அழுத்தித் தள்ளியிருக்கிறார்கள். சிரிஞ்ச் சின்னதாக ஆக அழுத்தம் கூடும், 10 மி.லி.க்குக் குறைந்த சிரிஞ்சால் லைனைத் தொடவே கூடாது. குழாய் வெடித்துவிட்டது. மிச்சக் குழாயை மடக்கி, பூக்கட்டும் நாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நனைந்த ரவிக்கைக் கையோடு என் முன்னால் வந்து நின்றார். நார் அவர் யோசனை. நல்ல யோசனைதான்.

போர்ட் என்பது பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும் டப்பி. நெஞ்சுத் தோலுக்கு அடியில் பை மாதிரி இடம் பண்ணி வைத்துத் தைத்துவிடுவார்கள்; அதிலிருந்து போகும் குழாய் கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழேயோ சிரைக்குள் நுழையும். தையல் ஆறிவிட்டால் குளிக்கலாம், மாடு கறக்கலாம். மருந்து ஏறாத காலத்தில் மாதம் ஒரு ஃப்ளஷ் போதும். குத்துவதற்கு ஹூபர் ஊசி என்று தனியாக ஒன்று உண்டு. சாதா ஊசி போட்டால் மேல்மூடி சிலிக்கோன் துணுக்குத் துணுக்காகப் பெயரும். உள்ளூரில் யாரையும் அதில் குத்தவிடாதீர்கள். சீழ் பிடித்தால் மறுபடி அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் மறைக்க மாட்டேன்.

எதைப் போட்டாலும், சிவப்பு மருந்து ஏற்றுவதற்கு முன் ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஊசி நழுவி மருந்து தசைக்குள் இறங்கினால் புண்ணாகிவிடும். நர்ஸ் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இடது பக்கம் நெறிக்கட்டி எடுத்ததால் அந்தக் கையில் லைனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

கிளாஸ்கோ மயக்கவியல்:

அக்கா சொன்னதோடு கொஞ்சம் எண்கள். பிரிட்டனில் 18 புற்றுநோய் மையங்களில் 1,061 பேரை வைத்து நடந்த காவா ஆய்வு 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் பிக் லைனையும் போர்ட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது, தொற்று, ரத்தக்கட்டு, அடைப்பு என்று ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் பிக் லைனில் 47 சதவீதம், போர்ட்டில் 32. போர்ட்டிலும் மூன்றில் ஒருவருக்கு வந்திருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள்.

இனி போடும் முறை. காறை எலும்புக்குக் கீழே கை வைத்துப் பார்த்துக் குத்தும் இடத்துக்கு அடுத்தே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி அதில் பட்டால் காற்று கசிந்து நெஞ்சுக்குள் தேங்கும். இன்னொன்று, அங்கே குழாய் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே சிக்கினால், கையை ஆட்ட ஆட்ட நசுங்கி, சில மாதங்களில் அறுந்தும் போகலாம். மாடு கறக்கும் அம்மா என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. கழுத்தின் வலது பக்கம் ஸ்கேன் பார்த்துப் போட்டால் ஊசி நுனி திரையில் தெரியும், அங்கிருந்து இதயத்துக்கு நேர் வழி. கழுத்தில் போடும்போது ஸ்கேன் பார்த்துப் போடுங்கள் என்று இங்கே மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2002-லேயே சொல்லிவிட்டது.

மூன்றாவது வழியும் உண்டு. தோள் அருகே சிறு சிரையைக் கண்ணால் பார்த்துத் திறந்து, அதன் வழியாகக் குழாயை விடுவது. ஜெர்மனியில் 1,205 பேரிடம் நடந்த போர்ட்டாஸ்-3 ஆய்வில், நெஞ்சுக்குள் காற்றோ ரத்தமோ தேங்கியது, குத்திப் போடத் தொடங்கியவர்களைவிட இப்படித் திறந்து போடத் தொடங்கியவர்களில் குறைவு.

அதற்காகக் கை வைத்துப் பார்த்துப் போடுகிறவரை மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். 2009-இல் மிலானிலிருந்து வந்த ஆய்வில் 403 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: கழுத்தில் கை வைத்துப் பார்த்து, காறை எலும்புக்குக் கீழே ஸ்கேன் பார்த்து, தோள் அருகே சிரையைத் திறந்து. சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே எந்த முறை என்று கேட்டதோடு விடாமல், மாதம் எத்தனை போடுகிறீர்கள் என்றும் கேளுங்கள். குழாய் நுனி எங்கே நிற்கிறது என்பதை எக்ஸ்ரேயிலோ ஈசிஜியிலோ எப்படி உறுதி செய்வார்கள் என்றும் கேளுங்கள்.

துறையூர்க்காரன்:

ரிப்போர்ட்டைப் பார்த்தேன் அக்கா. ஹெர்2 3 பிளஸ் என்று இருக்கிறது. அந்த வரியை இத்தனை நாள் நான் படிக்கவே இல்லை.

டே கேர் அக்கா:

அப்படியென்றால் பாசிட்டிவ். ஒரு வருடக் கதை. போர்ட் போடுங்கள், இனி யோசிக்க வேண்டாம். காப்பீட்டு அட்டையில் வருமா என்று முதலில் கவுண்டரில் கேட்டுவிட்டு, அப்புறம் கடன் வாங்குங்கள்.

இன்னொன்று, இதை டாக்டர்கள் அநேகமாகக் கேட்க மாட்டார்கள். போர்ட் வைக்கும் இடத்தை அம்மா உட்கார்ந்திருக்கும்போது, ரவிக்கையும் தாலிச் சங்கிலியும் போட்டபடி குறிக்கச் சொல்லுங்கள். படுத்தால் நெஞ்சுத் தோல் நகர்ந்துவிடும். சங்கிலி சரியாகப் போர்ட்டின் மேல் விழுந்து, தோல் உராய்ந்து சிவந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றி வை என்றால் யார் கேட்கிறார்கள்?

ரயில்வே ரிட்டையர்டு:

ஒரு வருடம் என்றால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

துறையூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. போன வெள்ளி போட்டாயிற்று. வலது கழுத்து, ஸ்கேன் பார்த்து, மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். உள்ளே போய் 50 நிமிடத்தில் வந்துவிட்டார். சங்கிலி விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார், ஆனால் உட்கார வைத்துத்தான் குறித்தார். முதலில் நினைத்த இடத்திலிருந்து இரண்டு விரல்கடை வெளியே தள்ளி வைத்திருக்கிறார். எக்ஸ்ரேயைக் காட்டி, நுனி நிற்கும் இடத்தைப் பேனாவால் தொட்டும் காட்டினார்.

இன்று இரண்டாவது சிவப்பு மருந்து. ஒரே குத்து. ரத்தம் திரும்புகிறதா என்று கேட்டேன். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இழுத்துக் காட்டினார். அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

தையல் ஆறும்வரை கறக்கக் கூடாது என்பதால் அப்பா கறக்கிறார். செவலை அவருக்குப் பாலை அடக்கிக்கொள்கிறதாம், அரைப்படிதான் தருகிறதாம். போர்ட்டைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, வழி நெடுக செவலை பாலை அடக்குவதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.