மறு: ஜியாய்டு: புவியுருவா, சம ஈர்ப்புப் பரப்பா, புவிமட்டமா?

அனைவருக்கும் வணக்கம். நில அளவையில் வரும் ஜியாய்டு (geoid) என்ற சொல்லுக்குத் தமிழில் எது பொருந்தும் என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> ஜியாய்டு என்றால் புவியின் வடிவம். 'புவியுரு' என்றாலே போதும்.

ஐயா, வேர்ச்சொல்லின்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் நில அளவையாளருக்கு அது வடிவமாக வேண்டியதில்லை. உயரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதற்காக வேண்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம் என்கிறோம். இங்கே கடல் ஏது? அலையும் ஓதமும் அடங்கிய கடல்நீர் நிலத்துக்கு அடியிலும் பரவியிருந்தால் எங்கே நிற்குமோ, அந்தப் பரப்பிலிருந்து எண்ணிய உயரம் அது. அந்தப் பரப்புதான் ஜியாய்டு. திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். கருவியைப் பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் வைத்தால், உயரம் 80 மீட்டருக்கு மேல் குறைவாகத்தான் காட்டும். அது வழவழப்பான கணித நீள்கோளத்திலிருந்து, அதாவது புவியைத் துருவங்களில் சற்றே தட்டையான உருண்டையாக வைத்துக்கொண்ட கணக்குப் பரப்பிலிருந்து, அளக்கிறது. ஈர்ப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

> 'சம ஈர்ப்புப் பரப்பு' பொருளை நேரடியாகச் சொல்கிறதே?

இதை மட்டும் ஏற்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். கடல்மட்டத்தில் புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832 மீ/வி². இரண்டு இடங்களும் ஜியாய்டின் மேல்தான் இருக்கின்றன. அங்கே சமமாக இருப்பது இழுப்பின் வலிமை அல்ல, நிலையாற்றல். புவிச்சுழற்சியின் பங்கும் அதில் சேர்த்தி. அதனால்தான் அந்தப் பரப்பில் நீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கிறது.

கடிகாரங்களைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஐன்ஸ்டைனின் பொதுச்சார்பியல்படி, கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைத் தீர்மானிப்பதும் இந்த நிலையாற்றலே. 2010-இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் ஒரு ஒளியியல் கடிகாரத்தை (மிகத் துல்லியமான அணுக்கடிகாரம்) 33 செ.மீ. உயர்த்தியபோது, அது உயர்த்தாத இன்னொரு கடிகாரத்தைவிட வேகமாக ஓடியதை அளந்தே காட்டினார்கள். ஒரு செ.மீ. உயர்ந்தால் மாற்றம் 10¹⁸-இல் ஏறத்தாழ ஒரு பங்கு. துருவத்திலும் நிலநடுக்கோட்டிலும் ஜியாய்டின் மேல் வைத்த இரண்டு கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடும், ஈர்ப்பு வலிமை வேறுபட்டாலும். 'சம ஈர்ப்பு' என்று படித்துப் பழகிய மாணவருக்கு இது புரியவே புரியாது. அவர் பிழையாகப் புரிந்துகொண்டால் பழி நம் சொல்லுக்குத்தான்.

> 'மட்டம்' என்றால் மட்டமான சரக்கு நினைவுக்கு வருகிறது.

கடல்மட்டம், நீர்மட்டம் என்று சொல்லும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லையே. இங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கும் தர்மபுரிக் கொத்தனார்களும் ரசமட்டம் வைத்துத்தான் சுவர் பார்க்கிறார்கள். நீர் எங்கே நிற்குமோ அதுதான் மட்டம். இந்தப் பொருள் தமிழில் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. 'ஈர்ப்புமட்டம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஒலிமட்டம் போல, அது ஈர்ப்பின் அளவு என்று படிக்கப்படும். ஆகவே என் பரிந்துரை 'புவிமட்டம்'. தரைமட்டத்தோடு குழம்பாதா என்றால், தரைமட்டம் தனிச்சொல்லாக நிலைத்துவிட்டது, குழப்பம் வராது.

கூட்டுச்சொற்களுக்கும் இது இடம் கொடுக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு நீள்கோளத்தைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான தாழ்வு அது. அதன் காரணத்தைப் புவியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் அடுக்கில் உள்ள அடர்த்தி குறைந்த சூடான பொருளில் தேடி, இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2023-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதைத் தமிழில் எழுதும்போது 'இந்தியப் பெருங்கடல் புவிமட்டத் தாழ்வு' என்று தடையின்றி எழுத முடிகிறது. 'புவியுருத் தாழ்வு' என்று எழுதிப் பாருங்கள்.

நீள்கோளத்துக்கும் ஜியாய்டுக்கும் உள்ள இடைவெளிக்கு 'புவிமட்ட உயரம்' என்பதா, 'புவிமட்ட விலகல்' என்பதா? அது பல இடங்களில் எதிர்மறை எண்ணாக வருவதால் நான் 'விலகல்' பக்கம் சாய்கிறேன். நில அளவைத் துறையில் இருக்கும் உறுப்பினர்கள் சொல்லுங்கள்.