தேங்காய் மாவுக் கேக் அடியில் களியாகிறது, சூரியகாந்தி விதைக் கேக் பச்சையாகிறது: என்ன செய்யலாம்?

தோப்புவீட்டு மருமகள், கொழிஞ்சாம்பாறை

வணக்கம். என் மாமனாருக்குச் சர்க்கரை. போன வருடம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபிறகு மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். சோற்றைக் குறைத்துக்கொண்டார், சப்பாத்தியையும் குறைத்துக்கொண்டார். நான்கு மணித் தேநீரோடு முட்டை பப்ஸ் தின்பதை மட்டும் விடமாட்டேன் என்கிறார். திரும்பிய பக்கமெல்லாம் பேக்கரி இருக்கும் ஊரில் அவரை எப்படித் தடுப்பது? மைதாவும் சீனியும் இல்லாமல் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கலாம் என்று இறங்கினேன்.

தேங்காய்க்கு எங்களிடம் பஞ்சமில்லை. பால் பிழிந்த சக்கையை வெயிலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொண்டேன். செய்முறை ஒன்றில் சொன்னபடி அரைக் கப் தேங்காய் மாவு, ஆறு முட்டை, உருக்கிய வெண்ணெய், சீனிக்குப் பதில் எரித்ரிட்டால் என்னும் இனிப்பூட்டி, பேக்கிங் பவுடர். ஓ.டி.ஜி. ஓவனில் 180 டிகிரி. மேலே பொன்னிறமாக உப்பி வருகிறது. வெளியே எடுத்ததும் நடுப்பகுதி அமுங்கிவிடுகிறது. வெட்டினால் மேல்பாதி உதிர்கிறது, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் களி. கத்தியில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வருகிறது, முட்டை வாடை வேறு. கூடுதல் நேரம் வைத்தால் மேல்புறம் கருகுகிறதே தவிர அடி மாறுவதில்லை. இனிப்பும் பல்லில் நறநறக்கிறது, நாக்கு சில்லிடுகிறது.

பாதாம் விலை கட்டுப்படியாகாததால் சூரியகாந்தி விதையை அரைத்து, சமையல் சோடா சேர்த்தும் செய்தேன். அன்று மாலை நன்றாக இருந்தது. மறுநாள் வெட்டினால் உள்ளே பாசிப்பச்சை! பூசணம் என்று சொல்லி என் மாமியார் அத்தனையையும் மாட்டுக்குப் போட்டுவிட்டார். மாடு நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கெல்லாம் காரணம் என்ன?

பழைய பேக்கரிக்காரன், பாலக்காடு

அம்மணி, செய்முறையில் குற்றமில்லை, மாவுதான் வேறு. கடையில் பையில் விற்கும் தேங்காய் மாவு, எண்ணெயையும் பிழிந்தெடுத்து நன்றாக உலர்த்திய சரக்கு. பெரும்பாலும் நார்ச்சத்து. தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரத்தை அது குடித்துவிடும். அதனால்தான் அரைக் கப்புக்கு ஆறு முட்டை கேட்கிறார்கள். உங்கள் வீட்டுச் சக்கையில் எண்ணெய் கணிசமாகத் தங்கியிருக்கும், அரைத்த மாவும் சற்றுப் பருமனாக இருக்கும். அவ்வளவு ஈரத்தை அது இழுக்காது. இழுக்காத முட்டையும் வெண்ணெயும் கீழே இறங்கி, அங்கேயே வெந்து களியாகின்றன.

ஒரு தேக்கரண்டி மாவில் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கடை மாவு கெட்டியாக உருண்டு நிற்கும். உங்கள் மாவின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நின்றால் நான் சொல்வது சரி.

அமுங்குவது வேறு கதை. மைதாவில் குளூட்டன் என்ற புரதம் வலைபோல நின்று காற்றைப் பிடித்துவைக்கும். தேங்காயில் அது கிடையாது. முழுப் பாரத்தையும் முட்டைதான் தாங்குகிறது. 180 டிகிரியில் மேலோடு முந்திக்கொண்டு இறுகுகிறது, நடு வேகாமலே எழுந்துவிடுகிறது. சூட்டை 160-க்கு இறக்கி, நேரத்தைக் கூட்டுங்கள். மேலே நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். வெந்தபின் தட்டிலேயே முழுவதும் ஆறவிடுங்கள். மாவுச்சத்துக் குறைந்த கேக் சூட்டில் எப்போதும் பலவீனமாகத்தான் இருக்கும். சூடாக வெட்டினால் யார் செய்தாலும் உதிரும்.

வீட்டுச் சக்கையை வீணாக்க வேண்டாம். அந்த மாவு 60 கிராம், பாதாம் பொடி 60 கிராம், இசப்கோல் பொடி ஒரு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி, முட்டை நான்கு. கப்பில் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் கலந்தால் வாடையும் குறையும், கேக்கும் இலேசாகும். மற்றதையெல்லாம் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்ட பிறகே வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தட்டில் ஊற்ற வேண்டும். ஏலக்காயும் எலுமிச்சைத் தோலும் மீதி வாடையைப் பார்த்துக்கொள்ளும். இசப்கோலைக் கூட்டினால் உள்ளே பிசினாகும், சில வகை இசப்கோல் ஊதா நிறமும் கொடுக்கும். பயப்பட வேண்டாம்.

எரித்ரிட்டாலின் இயல்பே நறநறப்பும் சில்லிப்பும்தான். ஆறும்போது மறுபடியும் படிகமாகிவிடுகிறது. மிக்ஸியில் மாவாகப் பொடித்துச் சேர்த்தால் நறநறப்பு குறையும். சீனியைப் போல அது சிவந்து பாகாவதும் இல்லை, ஆகவே நிறத்தை நம்பி வேக்காட்டைக் கணிக்காதீர்கள்.

நகரிக்காரன்

எதற்கு இவ்வளவு பாடு? எங்கள் பக்கம் ராகி சங்கடி, அதாவது கேழ்வரகுக் களி, தின்றே தாத்தா தொண்ணூறு வயது வாழ்ந்தார். கேழ்வரகு மாவில் கருப்பட்டி போட்டுக் கேக் செய்யுங்கள் அக்கா. மைதாவும் இல்லை, வெள்ளைச் சீனியும் இல்லை. உடம்புக்கும் நல்லது.

மருந்துக்கடை, செங்கோட்டை

தம்பி, கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணையில் 100 கிராம் மைதாவுக்கு மாவுச்சத்து சுமார் 74 கிராம், கோதுமை மாவுக்கு 64, கேழ்வரகுக்கு 67, கம்புக்கு 62 என்றிருக்கிறது. நார்ச்சத்தும் கால்சியமும் கேழ்வரகில் கூடுதல். மாவுச்சத்தில் பெரிய தள்ளுபடி இல்லை. தாத்தா சங்கடி தின்றுவிட்டு வயலுக்குப் போயிருப்பார். கருப்பட்டி பெரும்பாலும் சீனியேதான், நிறம் மட்டும் கறுப்பு. தேனும் பேரீச்சையும் அதே வரிசை. கடையில் சர்க்கரை இல்லை என்று எழுதி விற்கும் பிஸ்கட்டின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: முதலில் மைதா, அடுத்து பெரும்பாலும் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி. மால்டிட்டால் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றத்தான் செய்யும்.

மருமகளுக்கு என் கேள்வி: மாமனார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்குக் கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து. அதில் மீட்டர் சாதாரண அளவையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். கேக்கை அப்புறம் பேசலாம், இதை முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

எரித்ரிட்டால் பற்றியும் ஒன்று. 2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, ரத்தத்தில் அது கூடுதலாக இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதைச் சொன்னது. அதுதான் காரணம் என்று நிறுவிவிடவில்லை. நம் உடலே அதைச் சிறிதளவு உண்டாக்குகிறது. ஆனாலும் ஸ்டென்ட் வைத்தவருக்குத் தினமும் கேக் கேக்காகக் கொடுக்க நான் துணியமாட்டேன்.

வேலந்தாவளம் டீச்சர்

பச்சைக் கேக்குக்கு யாரும் பதில் சொல்லவில்லையே! சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் இருக்கிறது. சமையல் சோடாவின் காரத்தன்மையில் அது விதையின் புரதத்தோடு வினைபுரிந்து பச்சையாகிறது. ஆற ஆறத்தான் நிறம் ஏறும், அதனால் உங்களுக்கு மறுநாள் தெரிந்திருக்கிறது. தின்றால் ஒன்றும் ஆகாது. மாட்டுக்கு யோகம். சோடாவை விட்டுவிட்டுப் பேக்கிங் பவுடரையே அளவாகப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள், பச்சை அடங்கும். இல்லையென்றால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் அரைத்துப் போட்டுப் பச்சைக் கேக் என்றே பெயர் வையுங்கள்.

விதையானாலும் பாதாமானாலும் மிக்ஸியில் தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் விட்டு வெண்ணெயாகிவிடும். குளிர்பெட்டியில் வைத்தெடுத்து, விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

தோப்புவீட்டு மருமகள், கொழிஞ்சாம்பாறை

எல்லோருக்கும் நன்றி. மாவில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன் ஐயா, ஓரத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. மெட்பார்மினும் கிளிமிபிரைடும்தான் எடுக்கிறார். மருத்துவரிடம் பேசினோம், மாத்திரை அளவைக் குறைத்து, மீட்டரில் பார்த்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் சொன்ன அளவில் கேக் செய்தேன். அடி களியாகவில்லை, துண்டு துண்டாக வெட்ட வந்தது. மாமா ஒரு வாய் தின்றுவிட்டு "நல்லாயிருக்கு" என்று சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போய்விட்டார்.

பழைய பேக்கரிக்காரன், பாலக்காடு

போகாமல் என்ன செய்வார்? அவர் கேட்டது பப்ஸ், நீங்கள் கொடுப்பது கேக். காரம் கேட்கிற நாக்குக்கு இனிப்பை நீட்டினால் நிற்காது. காரத்துக்கு வந்துவிட்டால் எரித்ரிட்டால் தொல்லையும் தீர்ந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பப்ஸின் அடுக்கு மைதா இல்லாமல் வராது. மாவை இழுத்துத் தேய்த்து, நடுவில் கொழுப்பை வைத்துத் திரும்பத் திரும்ப மடிக்கிறோம். ஓவன் சூட்டில் ஈரம் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்குகிறது. அந்த இழுவையைத் தாங்குவது குளூட்டன். பாதாம் மாவை அப்படித் தேய்த்தால் கிழிந்துவிடும். ஆனால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே முட்டை மசாலாவும் போதும் என்றால் ஒரு வழி உண்டு.

துருவிய மொசரெல்லா சீஸ் 170 கிராமும் கிரீம் சீஸ் இரண்டு மேசைக்கரண்டியும் சேர்த்து உருக்கி, பாதாம் மாவு 85 கிராம், ஒரு முட்டை, கொஞ்சம் மிளகுப்பொடி போட்டுச் சூட்டோடு பிசையுங்கள். இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துச் சதுரமாக வெட்டுங்கள். வெங்காயத்தைத் தேங்காய் எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி, பச்சை மிளகாய், கரம் மசாலா, பாதி வெட்டிய வேகவைத்த முட்டை. மூலைகளை நடுவில் கொண்டுவந்து ஒட்டி, 200 டிகிரியில் நன்றாகச் சிவக்கும்வரை வைக்கவும்.

மருந்துக்கடை, செங்கோட்டை

பேக்கரிக்காரர் சர்க்கரையைக் கவனித்தார், இதயத்தை விட்டுவிட்டார். அவ்வளவு சீஸில் உப்பும் நிறைவுற்ற கொழுப்பும் கணிசமாக உண்டு. மாவுச்சத்துக் குறைவு என்பதால் ஸ்டென்ட் வைத்தவருக்கு இது தினசரிப் பலகாரமாகிவிடாது. வாரத்துக்கு ஒன்று. மற்ற நாட்களில் உள்ளே வைக்கும் முட்டை மசாலாவை மட்டும் கிண்ணத்தில் கொடுங்கள். தின்று இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள்.

பழைய பேக்கரிக்காரன், பாலக்காடு

ஓடு இல்லாத பப்ஸுக்கு அவர் செருப்பைத்தான் தேடுவார். ஆனாலும் வாரத்துக்கு ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தோப்புவீட்டு மருமகள், கொழிஞ்சாம்பாறை

ஞாயிற்றுக்கிழமை செய்தேன். "இது பப்ஸ் இல்லை" என்றுதான் மாமா ஆரம்பித்தார், தட்டு காலி. இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் 138. கடைப் பப்ஸ் தின்ற அன்று 200-ஐத் தாண்டியிருந்தது. ஒரே சிக்கல்: பாதி தேய்ப்பதற்குள் மாவு இறுகி விரிசல் விடுகிறது, சில பப்ஸ்களின் அடி வேகும்போதே திறந்துகொண்டது.

பழைய பேக்கரிக்காரன், பாலக்காடு

சீஸ் ஆறினால் இறுகும். மைக்ரோவேவில் 20 விநாடி வையுங்கள், இல்லையென்றால் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தைச் சற்று நேரம் பிடியுங்கள், இளகிவிடும். அடி திறப்பதற்கு மசாலாவின் சூடும் ஈரமும்தான் காரணமாக இருக்கும். வெங்காயத்தை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, முழுவதும் ஆறிய பிறகு வையுங்கள். ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும்.