ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: ஐடிலிங்கில் ஆயில் லைட் எரிகிறது. எந்த ஆயில், எந்த அடிட்டிவ்?

மதுரை_ஹெரால்டு:
வணக்கம். அப்பா வாங்கிய 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மெட்ராஸில் செய்த அதே 948 சிசி வண்டி. இப்போது 15டபிள்யூ40 ஆயில் ஓடுகிறது (டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரிலும், பின்னால் இருப்பது சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்). காலையில் ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சூடேறியபின் சிக்னலில் நின்றால், ஆயில் பிரஷர் குறைந்ததைக் காட்டும் ஆயில் லைட் விட்டு விட்டு எரிகிறது. ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடும். வால்வுகளைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தமும் கூடியிருக்கிறது. மெக்கானிக் ஆயிலைக் கெட்டியாக்கும் அடிட்டிவ் ஒரு பாட்டில் ஊற்றலாம் என்கிறார். கடைக்காரர் ஃபுல்லி சிந்தெடிக் 5டபிள்யூ30 என்கிறார். சிங்க் அடிட்டிவ் இல்லாமல் பழைய வண்டியை எடுக்கவே கூடாது என்று நண்பர் மிரட்டுகிறார். எதை வாங்குவது?

திருச்சி_பட்டறை:
5டபிள்யூ30 வேண்டாம் தம்பி. இந்த இன்ஜினின் பேரிங் இடைவெளிக்கு அது ரொம்பத் தண்ணி. சூட்டில் பிரஷர் இன்னும் இறங்கும், சீல்களில் கசிவும் கூடும். நம்ம ஊர் வெயிலுக்கு மினரல் (சிந்தெடிக் அல்லாத) 20டபிள்யூ50தான் சரி.

கோவை_புஷ்ராடு:
சிங்க் விஷயத்தில் நண்பர் சொல்வது பாதி சரி. ஹெரால்டில் கேம் லோபின் (வால்வைத் திறக்கச் சுழலும் கேம் தண்டில் இருக்கும் மேட்டின்) மேல் டேப்பெட் உரசிக்கொண்டே ஓடும், நடுவில் ரோலர் கிடையாது. அந்த உரசலில் உலோகத்தைக் காப்பாற்றுவது இசட்டிடிடிபி என்ற சிங்க், பாஸ்பரஸ் கலவை. பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் புது ஆயில்களில் அதைக் குறைத்தார்கள். ஏபிஐ எஸ்என் என்ற ஆயில் தரத்தில் 5டபிள்யூ30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குப் பாஸ்பரஸ் உச்சவரம்பு 0.08 சதவீதம். 20டபிள்யூ50க்கு அந்த உச்சவரம்பு இல்லை. அதனால் தனியாக சிங்க் பாட்டில் தேவைப்படாது. டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (ஜப்பானிய பைக் ஆயில் தரம்) என்று போட்ட பைக் ஆயில் என்றால் இன்னும் நிம்மதி; அதில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவீதத்துக்குள் இருந்தாக வேண்டும். சிங்க் அளவுக்கு மீறினாலும் கேமுக்குக் கெடுதல்தான். கம்பெனி அளவு பார்த்துக் கலந்த ஆயிலில் நாம் கை வைக்காமல் இருப்பது நல்லது.

திருச்சி_பட்டறை:
அவர் சொல்வது சரி. ஆனால் ஆயில் வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. நன்றாக ஓடிய வண்டியில் திடீரென்று பிரஷர் இறங்கினால் ஆயில் ஏன் தண்ணியானது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறியதும் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். லெவல் எங்கே நிற்கிறது?

மதுரை_ஹெரால்டு:
அண்ணே, ஃபுல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது. ஆயில் மாற்றும்போது கோட்டோடுதான் ஊற்றினோம். நல்ல பெட்ரோல் வாடை. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை.

திருச்சி_பட்டறை:
அப்போ வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பில் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அது கிழிந்தால் பெட்ரோல் நேராக, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். அந்தக் காலத்து ரப்பர் இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலைத் தாங்குவதில்லை. ஊறி, உப்பி, வெடித்துவிடும். பம்பைக் கழற்றுங்கள், அடியில் லீவர் பக்கம் பெட்ரோல் ஈரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசியையும் பாருங்கள், ஓவர்ஃப்ளோ ஆனாலும் இதே கதைதான். இந்த நிலையில் கெட்டியாக்கும் அடிட்டிவ் ஊற்றினால் லைட் கொஞ்ச நாள் அடங்கும், உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டே போகும். எனக்கு அதுதான் பயம்.

மதுரை_ஹெரால்டு:
பம்பைப் பிரித்துப் பார்த்தாச்சு. டயஃப்ரத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிசல், ரப்பர் நொறுநொறுவென்று கையோடு வருகிறது. ஃப்ளோட் ஊசியில் குறை இல்லை. எத்தனால் தாங்கும் கிட் வாங்கிப் போட்டு, பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றினேன். பழைய ஆயிலை முழுதும் வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ50 மினரல் ஊற்றினேன். அடிட்டிவ் எதுவும் இல்லை. சூடான பிறகும் லைட் வரவில்லை. டேப்பெட் சத்தம் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை.

கோவை_புஷ்ராடு:
ரொம்ப சந்தோஷம். டேப்பெட் இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.010 அங்குலத்துக்கு வையுங்கள். ஒரு டேப்பெட் மட்டும் வைக்க வைக்கத் தளர்ந்தால் அந்த லோப் தேய்கிறது என்று அர்த்தம். அதற்கு எந்த ஆயிலும் மருந்தில்லை, கேமை வெளியே எடுக்க வேண்டியதுதான்.

திருச்சி_பட்டறை:
இந்த ஆயிலைச் சீக்கிரமே ஒரு தடவை வடித்துவிடுங்கள் தம்பி. மூலை முடுக்கில் தங்கிய பெட்ரோலும் அதோடு போய்விடும். அடுத்து ஊற்றும்போதும் இதே 20டபிள்யூ50தான். வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.