போர்டிகோவுக்கு அடியில் டிரெயினேஜ் பைப்: சேம்பர் வேண்டுமா, வேண்டாமா?

புதுவீடு_கோவில்பட்டி:
கரிசல் மண். பின்பக்க பாத்ரூமிலிருந்து முன்னால் செப்டிக் டேங்க் வரை 40 அடி, 4 இன்ச் பைப். நடுவில் போர்டிகோவுக்கு அடியில் ஒரு திருப்பம். கொத்தனார், “2 அடி வாட்டம் (சரிவு) கொடுத்து, எல்போ போட்டு மூடிடலாம், சேம்பர் (திறந்து பார்க்கிற மூடி போட்ட தொட்டி) எதுக்கு?” என்கிறார். நாளை மறுநாள் மண் தள்ளப் போகிறார்கள். விடலாமா?

பிளம்பிங்_20வருஷம்:
தாராளமாக விடுங்கள் தம்பி. வாட்டம் குறைந்தால்தான் அடைக்கும், கூடினால் ஒன்றும் ஆகாது. சேம்பர் கட்டினால் கரப்பான், நாற்றம், மழைத்தண்ணீர் இறங்குவது என்று ஓயாத தொல்லை. சால்வென்ட் போட்டு ஒட்டி மூடினால் அப்புறம் கை வைக்கவே வேண்டாம்.

கரிசல்வீடு:
மூடாதீர்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் மூடினார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் குளிக்கிற தண்ணீர் இறங்காமல் தேங்கியது. டைல்ஸை உடைத்துத் தோண்டினால் பைப்பில் ஒரு கீறல்கூட இல்லை. நடுவில் தூளி மாதிரி தொய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் தலைமுடியும் சோப்புக் கசடும் களிமண் கட்டியாக உறைந்திருந்தன. பைப்புக்கு அடியில் உடைசெங்கல்லைப் போட்டு நிரவியிருந்தார்கள். கரிசல் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். செங்கல் முட்டிய இடம் மட்டும் நின்றது, மற்ற இடம் இறங்கிவிட்டது.

அண்ணா சொல்வதுபோல் கூடுதல் வாட்டம் பைப்பைக் கெடுக்காது. ஆனால் 40 அடிக்கு 2 அடி இறக்கினால் டேங்க் வாயும் அவ்வளவு கீழே போகும், அதற்கேற்ப டேங்கை ஆழமாகத் தோண்ட வேண்டும். 4 இன்ச்சுக்கு 40க்கு 1 போதும், அதாவது 10 அடிக்கு 3 அங்குலம். உங்களுக்கு மொத்தம் 1 அடிதான். அது ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து நூல் கட்டச் சொல்லுங்கள். குழியை அரை அடி கூடத் தோண்டி, மணல் பரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கிய பிறகு பைப்பை வையுங்கள்.

பிளம்பிங்_20வருஷம்:
மணல் படுக்கை சரி, மறுக்கவில்லை. வேலையாள் தப்புக்கு சேம்பர் எப்படி மருந்தாகும்?

கரிசல்வீடு:
எங்கே அடைத்தது என்று தெரிந்திருந்தால் 14 டைல்ஸை உடைத்திருக்க மாட்டோம் அண்ணா. திருப்பத்தில் சேம்பர் இருந்தால் மூடியைத் திறந்து இரண்டு பக்கமும் கம்பி விடலாம். கரப்பானுக்குப் பயந்தால் மூடி விளிம்பில் கிரீஸ் வைத்து உட்கார வையுங்கள். உள்ளே தரையைத் தட்டையாக விடாமல் பைப் அளவுக்கு அரைவட்ட வாய்க்கால் பூசினால் கசடு தங்காது.

ஜாயின்ட்டையும் பாருங்கள். கரிசலுக்கு சால்வென்ட் போட்டு ஒட்டுவதைவிட ரப்பர் ரிங்தான் நல்லது, மண் அசைந்தால் கொஞ்சம் இடம் கொடுக்கும். அஸ்திவாரத்தைத் தாண்டுகிற இடத்தில் பைப்பைச் சுற்றி இடைவெளி விடுங்கள், சிமென்ட்டால் இறுக்கினால் அங்கேதான் ஒடியும்.

பிளம்பிங்_20வருஷம்:
போர்டிகோவில் ஒரு சேம்பர், சரி, கட்டிக்கொள்ளட்டும். ரிங்கை ஒத்துக்கொள்ள மாட்டேன். வெட்டிய முனையைச் சாய்வாகத் தேய்க்காமல் தள்ளினால் உள்ளே ரிங் மடிந்துவிடும், வெளியே தெரியாது. பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் அந்தச் சந்தில் வேர் நுழையும். தம்பி, மூடும் முன் கீழ்முனையை அடைத்து, மேல்முனையில் பைப்பை நிறுத்தித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள்.

புதுவீடு_கோவில்பட்டி:
நேற்று சாயங்காலம் நிரப்பிக் கோடு போட்டோம். காலையில் ஒரு சாண் இறங்கியிருந்தது. மூன்றாவது ஜாயின்ட்டுக்குக் கீழே மணல் ஈரம். கழற்றினால் ரிங் மடிந்திருந்தது, அண்ணா சொன்ன மாதிரியே. முனையைத் தேய்த்து, ரிங் மாற்றி, மறுபடி நிரப்பியிருக்கிறோம். மண் தள்ளுவதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டேன். சேம்பருக்கு இன்று செங்கல் இறங்குகிறது.