பின்கதவில் கனமான ஸ்டெப்னி: மணாலி-லே வழியில் நடந்தது

மணாலியிலிருந்து லேவுக்குப் போகிறவர்கள், வழியில் ‘தாண்டி’ என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பாமல் நகர மாட்டார்கள். அடுத்த பங்க் 365 கி.மீ. என்று வெகுகாலம் பலகை நின்ற இடம் அது. அந்தப் பயத்தில்தான் ஆளாளுக்கு ஜெர்ரி கேன் கட்டுகிறார்கள்.

எங்களோடு வந்த நண்பர் தன் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டிருந்தார். ஸ்டெப்னியும் அதே அளவு, இரும்பு ரிம்மோடு எப்படியும் 40 கிலோ. அதைப் பழைய பின்கதவு மவுண்ட்டிலேயே மாட்டி, மேலே ஒரு பிராக்கெட் வைத்து 20 லிட்டர் டீசல் கேனும் ஏற்றியிருந்தார். டீசல் மட்டுமே 17 கிலோ வரும். எல்லாக் கனமும் ஒரு கதவின் இரண்டு கீல்களில்.

காட்டா லூப்ஸ் மலைப்பாதையின் 21 வளைவுகளையும் வண்டி சத்தமில்லாமல் ஏறிவிட்டது. லாச்சுங் லா கணவாயைக் கடந்து பாங் என்ற இடத்தை நோக்கி இறங்கும்போதுதான், ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் டக், டக் என்று அடி விழுந்தது. நிறுத்திக் கதவைத் திறந்தால் விரல் அகலத்துக்குக் கீழே தொங்குகிறது. கையால் தூக்கிப் பிடித்தால்தான் லாக் விழுகிறது. மேல் கீலைச் சுற்றி பெயின்ட் வெடித்து, தகட்டில் கீறல் ஓடியிருந்தது.

பாங்கில் ஒரு லாரி டிரைவர் பார்த்த உடனே, முதலில் கேனில் இருப்பதை டேங்கில் ஊற்றச் சொன்னார். அதற்குள் டேங்கில் இடம் காலியாகியிருந்ததே, யாருக்கும் தோன்றவில்லை! அப்புறம் ஸ்டெப்னியைக் கழற்றி, பின்சீட்டை மடித்து, முன்சீட்டுக்குப் பின்னால் தரையோடு படுக்க வைத்தோம். ரிம் ஓட்டை வழியாக இரண்டு ராட்செட் பட்டைகளை (நெம்பி இறுக்கும் கட்டுப்பட்டை) விட்டுத் தரைக் கொக்கிகளில் இறுக்கினோம். துணிப்பைகள் எங்கள் வண்டிக்கு வந்தன. அங்கிருந்து லே வரை சத்தமே இல்லை. ஸ்டியரிங்கும் நன்றாகப் பிடிக்கிறது என்றார் நண்பர்.

அதற்குக் காரணம் உண்டு. வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம்) இரண்டரை மீட்டர், பின் ஆக்ஸிலுக்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் 40 கிலோ என்று வையுங்கள். பின் சக்கரங்களில் 60 கிலோ ஏறும், முன் சக்கரங்களிலிருந்து 20 கிலோ குறையும். முன்பக்கம் லேசானால் ஏற்றத்திலும் மணலிலும் திருப்புவது கஷ்டம். சரி, கூரையில் ஏற்றலாமே என்றால், அது இன்னும் மோசம். பக்கவாட்டுச் சரிவில் அவ்வளவு உயரத்தில் கனம் இருக்கவே கூடாது.

அதற்காகச் சின்ன ஸ்டெப்னியும் வேண்டாம். டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், 4x4 போட்டுக் கெட்டித் தரையில் ஓட்டும்போது முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறும்.

பெரிய டயர் போடுகிறவர்கள் தயவுசெய்து ஸ்டெப்னியின் கனத்தையும் கணக்கில் சேருங்கள். கதவை நம்பாமல், சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் போட்டு, தனி பேரிங்கில் திறக்கும் கேரியர் வாங்குங்கள். நண்பர் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறார். கதவிலேயே வைத்திருப்பவர்கள் கரடுமுரடான பாதை முடிந்ததும் கீல் போல்ட்டையும் கதவு உட்காரும் ரப்பரையும் பாருங்கள். ரப்பர் தேய்ந்தால் கதவு ஆட ஆரம்பிக்கும். கேரியரில் திறந்த நிலையில் பூட்டி நிறுத்தும் லாக் பின் (pin) கட்டாயம் இருக்க வேண்டும். சரிவில் நிற்கும்போது கேரியர் தானாக மூடிக்கொண்டால் முழுக் கனமும் கைமேல் வந்து விழும்.