30 நாள் டிரையல், மறுநாளே "காலாவதி" என்கிறது

ஒலிநாடா:
அம்மா பாடிப் பதிந்த 14 கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். இரைச்சலை நீக்க ஒரு ஆடியோ எடிட்டரின் 30 நாள் டிரையலை நேற்று போட்டேன். இரவு வரை ஒழுங்காக ஓடியது, முதல் கேசட் முக்கால்வாசி முடிந்தது. இன்று காலை திறந்தால் "டிரையல் காலம் முடிந்துவிட்டது" என்கிறது. சேவ் செய்யவும் விடவில்லை. கணினியில் தேதி சரியாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் 10, பல மாதம் பிளக்கைக் கழற்றி வைத்திருந்த டெஸ்க்டாப்.

புதியவன்7:
அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

ஒலிநாடா:
இரண்டு தடவை செய்துவிட்டேன். அதே செய்திதான்.

பழையபோர்டு:
திரும்பப் போட்டாலும் மாறாது. டிரையல் தொடங்கிய தேதியை இவை தனியாக எழுதி வைக்கும், அன்இன்ஸ்டால் அதைத் தொடாது. இன்றைய தேதி சரி, போட்ட நேரத்தில் என்ன தேதி இருந்தது?

ஒலிநாடா:
நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவு வருகிறது. நேற்று பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காமல் "உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது" என்றது. அதனால் லேப்டாப்பில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்து போட்டேன். இரவு அணைப்பதற்கு முன்புதான் தேதியைத் திருத்தினேன். அதற்கு முன் 2015 ஜனவரி காட்டியது.

பழையபோர்டு:
அதுதான் காரணம். மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட், தீர்ந்திருக்கும். மின்சாரம் இல்லாமல் கிடந்ததில் கடிகாரம் போர்டின் ஆரம்பத் தேதிக்குப் போய்விட்டது. எடிட்டர் 2015இல் தொடங்கியதாகக் குறித்துக்கொண்டது. நீங்கள் தேதியைத் திருத்தியதும் அதன் கணக்கில் 30 நாள் எப்போதோ போய்விட்டது. இப்போது பிளக் மாட்டியே இருப்பதால் தேதி நிற்கிறது, கழற்றினால் மறுபடி போய்விடும்.

தேதியை மட்டும் பின்னுக்குத் தள்ளாதீர்கள். கடைசியாக ஓடிய நேரத்தையும் பல மென்பொருள்கள் குறித்து வைக்கும், கடிகாரம் பின்னால் போனால் ஏமாற்று வேலை என்று முழுதாகப் பூட்டிவிடும். லைசென்ஸ் ஃபைல்களைத் தேடி அழிக்கவும் வேண்டாம். உங்கள் மேல் தப்பே இல்லாதபோது தப்பு செய்தவர் போலத் தெரிய வேண்டாம். பேட்டரியை மாற்றி, தேதியைத் தானாக அமைக்கும் வசதியை ஆன் செய்துவிட்டு, தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் அவர்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தால், அது உருவான தேதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

ஒலிநாடா:
இருந்தது, 01-01-2015 என்றே. படத்தோடு எழுதினேன், மூன்றாம் நாள் புது டிரையல் கீ அனுப்பினார்கள். பேட்டரியும் மாற்றியாயிற்று. பாதியில் நின்ற கேசட்டை இன்று முடித்தேன். இரண்டாம் பாட்டுக்கு முன் அம்மா தொண்டையைச் செருமுவது இப்போது தெளிவாகக் கேட்கிறது, அதை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டேன். நன்றி ஐயா.