குழந்தைத் திருமணத் தடுப்பு வீடியோ: முகத்தை மறைத்தால் போதுமா?

பென்னாகரம் நிருபர்:
17 வயதுப் பெண்ணின் திருமணத்தை அதிகாரிகள் நிறுத்திய காட்சி இருக்கிறது. முகத்தை மங்கலாக்கி, ஊர்ப் பெயரோடு யூடியூபில் போடலாமா?

சட்டம் தெரிந்தவர்:
ஊர்ப் பெயர் கூடாது, தம்பி. திருமண ஆபத்தில் உள்ள சிறுமி, 2015 சிறார் நீதிச் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அவரை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிட 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வழக்கு போக்சோவாக (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) மாறினால், அதன் 23-ஆம் பிரிவு இன்னும் கடுமை. அதில் சேனல் உரிமையாளரும் பொறுப்பு. பெற்றோர் சம்மதித்தாலும் இந்தத் தடை நீங்காது. 'தருமபுரி மாவட்டத்தில்' என்பதோடு நிறுத்துங்கள்.

எடிட்டிங் மேசை:
முகம் ஒன்றுதான் அடையாளம் என்று நினைப்பதில்தான் தப்பு நடக்கிறது. பெற்றோர் முகம், வீட்டு வாசல், பள்ளிச் சீருடை, கோயில் பலகை, வண்டி எண், குரல் எல்லாமே காட்டிக்கொடுக்கும். சின்ன ஊரில் அப்பாவின் குரலே போதும். தலையை அசைக்கும்போது மங்கல் விலகும், அதனால் ஒவ்வொரு ஃப்ரேமாக ஓட்டிப் பாருங்கள். தம்ப்நெயிலையும் மறைக்காத காட்சியிலிருந்து எடுக்காதீர்கள். உண்மையில், அந்தக் காட்சியே தேவையில்லை. அதிகாரியின் பேட்டியும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் போதும்.

பென்னாகரம் நிருபர்:
ஒருவேளை ஏற்கெனவே போட்டிருந்தால், சார்?

சட்டம் தெரிந்தவர்:
உடனே பிரைவேட் ஆக்குங்கள். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களிலும் நீக்குங்கள். அசல் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள், விசாரணையில் கேட்கலாம்.